மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூர்
22 ஜூன் 2025

அடியே ஜாஸ்மின்,

முதல் வணக்கம் உனக்கில்லை. ஹாஸ்டலுக்கு வரும் கடிதத்தையெல்லாம் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார்களாம், உன் அம்மா சொன்னார்கள். அதனால், வணக்கம் மேடம். நான் மோகனா. ஆம்பூர், ப்ளஸ் டூ. ஜாஸ்மின் உங்கள் வேலூர் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவள் இல்லை, நான்தான். படித்து முடித்ததும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி உனக்கு. கோபமா? இருக்கட்டும். தோல் ஊரில் பிறந்தவள் நான், பதனிட்ட தோல். எவ்வளவு திட்டினாலும் தாங்கும். நீ பதிலே எழுதாமல் இருந்தால்தான் சுருங்கிப்போவேன்.

மேடத்துக்கு உன் அப்பா பாதிக் கதைதான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். மே மாதம், ‘ரெண்டாவது மணி’ படம் வந்த முதல் வாரம். நமக்கு மேட்னி ஷோ போக வேண்டும். உன் அப்பா விடமாட்டார். எனக்கோ ட்யூஷன் எடுக்கும் முனவ்வர் பேகம் டீச்சரின் குரல் அச்சு அசலாக வரும். போனை எடுத்தேன். "அந்தோணி சார், இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, ஜாஸ்மின் வர்றதுக்கு லேட்டாகும்." அத்தோடு வைத்திருக்கலாம். என் வாய்க்கு மணி அடிக்க ஆளில்லை. "உங்க பொண்ணு மாதிரி ஒரு ஸ்டூடண்ட என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல சார். எழுதி வெச்சுக்கோங்க, ஸ்டேட் ரேங்க் எடுக்கும்."

சந்தோஷத்தில் உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம் வந்தால் ஆம்பூர்க்காரர் என்ன செய்வார்? பிரியாணி வாங்குவார். வாங்கிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கே போய்விட்டார், நன்றி சொல்ல. டீச்சரின் வீட்டுக்காரர் வாஹித் பாஷா பாய் பிரியாணி மாஸ்டர் என்பது அவருக்குத் தெரியாது. கையில் இருந்ததோ பாய்க்கு ஆகாத எதிர்க்கடைப் பொட்டலம். "நான் போனே பண்ணலியே சார்" என்று டீச்சர் சொன்னது அவருக்கு மட்டும்தான் கேட்டதாம். "என் வூட்டு வாசப்படியிலயே அந்தக் கடை பொட்டலமா?" என்று பாய் கத்தியது தெருவுக்கே கேட்டதாம்.

தியேட்டர் வாசலில் நின்ற என் மஞ்சள் சைக்கிள் காட்டிக்கொடுத்துவிட்டது. இடைவேளைக்கு விளக்கு எரிந்தபோது உன் அப்பா அதே பொட்டலத்தோடு நம் வரிசையில் நின்றார். பாப்கார்ன் என்னிடம் வந்தது, உன் போன் அவரிடம் போனது, நீ வேலூருக்குப் போனாய்.

ஆக, நீ பார்த்தது பாதிப் படம். மேடம், உங்களுக்காக அந்தப் பாதி: மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ரெண்டாவது மணி அடித்தால் கேட் சாத்திவிடுவார்கள். மணி அடிப்பவள் எழிலரசி. சோடாபுட்டிக் கண்ணாடி, கறார் பேர்வழி. பஸ் பிடித்து வரும் தமிழ்வேந்தன் தினமும் லேட். தினமும் கேட்டுக்கு வெளியே. இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒருநாள் மழை. அவன் பிய்ந்த ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். மாடியிலிருந்து அவள் பார்க்கிறாள். அடிக்க ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. இடைவேளை!

அடித்தாளா? அடிக்கவில்லை ஜாஸ்மின். அவன் கேட்டைத் தாண்டும்வரை அந்தக் கை இறங்கவே இல்லை. மறுநாளும் கொஞ்ச நேரம் தாமதித்து அடிக்கிறாள். அதற்கு மறுநாளும். பள்ளிக்கூடத்தின் நேரமே மெல்லப் பின்னால் நகர்கிறது. ஹெட்மாஸ்டர் தன் கைக்கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று ரிப்பேருக்குக் கொடுக்கிறார்.

மிச்சம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் பதில் எழுது.

உன்,
மோகனா


வேலூர்
6 ஜூலை 2025

மோகனாவுக்கு,

இது நீ கேட்டதற்காக எழுதும் பதில் இல்லை. வார்டன் தேவகி மேடம் எழுதச் சொன்னார்கள்.

உனக்கு எல்லாமே விளையாட்டு. இங்கே போன் கிடையாது, கடிகாரம் கிடையாது, டி.வி. கிடையாது. புதிதாக வந்தவள் என்பதால் மணி அடிக்கும் வேலை எனக்கு. முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. வராந்தாவில் உள்ள ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இரும்புக் கம்பியால் அதை அடிக்க வேண்டும். எழுவதற்கு, குளிப்பதற்கு, சாப்பிடுவதற்கு, படிப்பதற்கு, எல்லாவற்றுக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் அறைப் பிள்ளைகள் என்னை எழிலரசி என்று கூப்பிடுகிறார்கள். சந்தோஷம்தானே உனக்கு?

இன்று பெற்றோர் வரும் ஞாயிறு. அம்மா மட்டும்தான் வந்தார்கள். அப்பா வரவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி: சுத்த அபத்தம். ஒரு பள்ளிக்கூடமே பின்னால் போகிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். அங்கே யாருக்கும் பசிக்காதா? சூரியன் இல்லையா? எனக்கு அதில் விருப்பம் இல்லை. இனி எழுதாதே.

ஜாஸ்மின்

பி.கு.: ஹெட்மாஸ்டரின் கடிகாரம் என்ன ஆனது என்று மேடம் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.


ஆம்பூர்
13 ஜூலை 2025

மாண்புமிகு மணியக்காரி அவர்களுக்கு,

நீ மணி அடிக்கிறாயா! படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு செல்லம்மாள் அக்கா ஓடி வந்து, "இன்னாடீ ஆச்சு, பேயா?" என்று கேட்டார். "இல்லக்கா, பெல்லு" என்றேன்.

முதலில் மேடத்துக்கு: ஹெட்மாஸ்டர் அந்தக் கடிகாரத்தை மூன்று கடையில் கொடுத்துப் பார்க்கிறார். மூன்று பேரும் சரியாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள். கடைசியில் மனிதர் கடிகாரத்தைப் பள்ளிக்கூடத்து மணிக்குத் தகுந்த மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

இப்போது உன் சூரியனுக்கு வருகிறேன். சூரியன் இருக்கிறது. அதை யாரடீ அண்ணாந்து பார்க்கிறார்கள்? மணி அடித்தால்தான் நமக்குப் பசியே எடுக்கிறது. போன் இல்லை, ஆளுக்கொரு கடிகாரம் இல்லை, எல்லாரும் ஒரு பெண் அடிக்கும் மணியைக் கேட்டு எழுந்து, சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இப்படி ஒரு இடம் உலகத்திலேயே இருக்காதா? கொஞ்சம் சுற்றுமுற்றும் பார்.

அபத்தம்தான். அதனால்தான் பிடிக்கிறது. அந்தப் படத்தில் வில்லனே கிடையாது. யாரும் யாரையும் அறையவில்லை. கடைசிக் காட்சியில் யாரும் ஆஸ்பத்திரியில் சாகவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் எழிலரசி திடீரென்று அழகியாகிவிடவில்லை, போய்த் தூணில் முட்டிக்கொள்கிறாள். இருவரும் பேசும் வசனத்தை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம், மீதியெல்லாம் மணிதான் பேசுகிறது. அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் நகத்தைக் கடிக்கிறோம். ஏமாற மாட்டோம் என்று தெரிந்துகொண்டே பயப்படுகிற சுகம் இருக்கிறதே, அது கணக்குப் பரீட்சையில் கிடைக்காது.

என் அம்மாவையும் கூட்டிப்போனேன். சம்பூர்ணம் அம்மாள் வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தைத்த களைப்பில் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிட்டாள். மழைக் காட்சியில் தியேட்டரே "அடிக்காத! இரு! இரு!" என்று கத்தியது. அம்மா திடுக்கென்று எழுந்து, யார் எவர் என்றே தெரியாமல், "இரும்மா! அந்தப் புள்ள வந்துடட்டும்மா!" என்று கத்தினாள். அதற்குப்பின் கண் மூடவில்லை. வரும் வழியில் ரயில்வே கேட் பக்கம் வந்ததும் சொன்னாள்: "தெனம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட்றேன். சைரன் ஊதிட்டா கேட்டு சாத்திடுவான். இத்தினி வருஷத்துல எனக்காக எந்த சைரனும் நின்னதில்லடீ. இந்தப் பொண்ணு நிறுத்திச்சு பாரு." அடுத்த ஞாயிறு தன்னோடு தைக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனாள். உனக்கு அபத்தம். அந்த வரிசைக்குத் திருவிழா.

மேலே கேள். ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். பள்ளிக்கூடம் எக்கச்சக்கமாகப் பின்தங்கிக் கிடக்கிறது. மாட்டினால் எழிலரசிக்கு டி.சி. நாளைக்கு மணி சரியாக அடித்தாக வேண்டும். ஆனால் அவன் பஸ் வராதே? கையில் கம்பியோடு அவள் நிற்கிறாள், ரோட்டைப் பார்க்கிறாள்...

இங்கே நிறுத்துகிறேன். முடிவு நேரில்தான். ஆகஸ்ட் முதல் ஞாயிறு நான் வருகிறேன். அப்பாவோ அம்மாவோ கூட்டி வந்தால்தான் தோழிகளை உள்ளே விடுவார்களாம். உன் அம்மாவுக்கு அன்று டபுள் டியூட்டி. ஆக, உன் அப்பா. வேண்டிக்கொள்.

மோகனா


வேலூர்
20 ஜூலை 2025

மோகனா,

நீ முடிவை எழுதாததால் இங்கே ஹாஸ்டல் இரண்டு கட்சியாகிவிட்டது. மணி அடிப்பாள் என்று ஒரு கட்சி, மாட்டாள் என்று ஒரு கட்சி. சாப்பாட்டு வரிசையில் அடித்துக்கொள்கிறார்கள். மேடம், "சத்தம் போடாதீங்க" என்று வந்தவர், "அவ அடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காமல் பதில் எழுது.

போன் போனதற்காகவோ ஹாஸ்டலுக்கு வந்ததற்காகவோ நான் கோபப்படவில்லை. அன்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நீ பின்னால் ஓடி வருவாய், "நான்தான் அங்கிள் பண்ணேன்" என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தாய். நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதனால்தான் எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. சூரியனால் இல்லை.

ஜாஸ்மின்


ஆம்பூர்
27 ஜூலை 2025

ஜாஸ்மின்,

சிரிக்கவில்லை.

உன் அப்பாவைப் பார்த்ததும் பயந்து பாப்கார்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். இருட்டானதும் சீட்டில் குனிந்துகொண்டேன். உன் சீட்டுக்கடியில் உன் செருப்பில் ஒன்று கிடந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள், அது மட்டும் கேட்டது. மிச்சப் படத்தை நான் பார்த்தது அம்மாவோடு போனபோதுதான். ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தப்பு என்னுடையது.

அந்தச் செருப்பைக் கொடுக்க நேற்று உன் வீட்டுக்குப் போனேன். டேனரியில் தோல் வேலை முடித்து வந்து உன் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னைக்கு யார் கொரல்ல பேசப்போற?"

எல்லா வசனமும் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எதையும் எடுத்துவிடவில்லை. "என் குரல்லதான் அங்கிள். நான்தான் போன் பண்ணேன். ஜாஸ்மினுக்கு நான் பண்ண அப்புறம்தான் தெரியும்" என்றேன்.

அவர் துண்டால் காலைத் துடைத்தார், துடைத்த காலையே திரும்பவும் துடைத்தார். "நீ பொய் சொன்னது கூட பரவால்ல. ஸ்டேட் ரேங்க் வாங்கும்னு சொன்னியே, அன்னைக்கு நான் டேனரி பூரா சொல்லிட்டேன்மா. நம்ம பொண்ண ஒரு டீச்சர் இப்டி சொல்லுதேன்னு. அது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அது பொய்யில்ல அங்கிள். குரல்தான் பொய். சொன்னது நெஜம்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போன வாட்டி நான் வரலன்னு அழுதாளாமே" என்றார். "போவணும்னுதான் இருக்குது. போய் இன்னா பேசறதுன்னு தெரியல."

"நான் வேணா உங்க குரல்ல பேசட்டுமா அங்கிள்?"

வாய் தவறி வந்துவிட்டது ஜாஸ்மின், சத்தியமாக. ஓடிவிடலாம் என்று என் செருப்பைத் தேடினேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்கள்.

"ஞாயித்துக்கெழமை சாப்ட்டு கெளம்பிடு. லேட்டு பண்ணா வுட்டுட்டுப் பூடுவேன்" என்றார்.

வருகிறோம். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மோகனா


ஆம்பூர்
5 ஆகஸ்ட் 2025

அடியே கள்ளி,

வேலூரிலிருந்து திரும்பி வந்து இரண்டு நாளாக யோசித்து இன்றுதான் கண்டுபிடித்தேன். இரு, முதலிலிருந்து வருகிறேன்.

உன் அப்பாதான் லேட். வாஹித் பாஷா பாய் கடையில் பிரியாணிச் சட்டியின் தம் உடைக்கும் வரை காத்திருந்து, பாய் கையாலேயே பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். ("இந்தக் கடை பொட்டலம்னா எந்த வூட்டுக்கு வேணாலும் எடுத்துட்டுப் போலாம் சார்" என்று பாய் சொன்னார்.) வழியில் பள்ளிகொண்டாவில் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ் நகரவே இல்லை. உன் அப்பா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சு. அஞ்சு மணிக்கு மேல வுட மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹாஸ்டல் வாசலில் இறங்கியபோது என் போனில் அஞ்சு தாண்டி நெடுநேரமாகியிருந்தது. கேட் திறந்தே இருந்தது!

"அஞ்சு மணியோட சரின்னாங்களே?" என்றேன். வாட்ச்மேன், "பெல்லு அடிச்சா சாத்துவேன். அடிக்கல, நான் இன்னா பண்றது?" என்று சொல்லி என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ வேப்பமரத்தடி சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து ஓடி வருவாய் என்று பார்த்தேன், அசையவில்லை. இன்னும் கோபம் என்று நினைத்தேன். உன் அப்பா பொட்டலத்தை நீட்டினார். தியேட்டரிலிருந்து உன்னை இழுத்துப்போன அதே கை. "சூடா கீது. துன்னு" என்றார். அவர் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு மொத்தமும் அதுதான். நீ ஒரு வாய் எடுத்தாய், அவருக்கு ஒரு வாய் கொடுத்தாய். அவர் மென்றுகொண்டே அழுதார். காரம் என்றார். ஆம்பூர் பிரியாணியில் என்ன பெரிய காரம்?

அப்புறம் என்னைப் பார்த்து, "முடிவு இன்னா?" என்றாயே, அந்த இரண்டு வார்த்தைக்கு நான் பள்ளிகொண்டாவிலிருந்து நடந்தே வந்திருப்பேன்.

சொன்னேன். இன்ஸ்பெக்ஷன் அன்று எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே, சரியான நேரத்துக்கு மணியை அடித்துவிடுகிறாள். கண்ணைத் திறந்து பார்த்தால் அவன் கேட்டுக்கு உள்ளே இருக்கிறான். விடிவதற்கு முன்பே நடந்து வந்து, வாட்ச்மேனுக்கும் முந்தி வாசலில் உட்கார்ந்திருந்தவன். அவள் தனக்காக நிறுத்துவது அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. "இன்னைக்கு நீ சரியா அடிக்கணும்ல, அதான் சீக்கிரம் வந்துட்டேன்" என்கிறான். அவ்வளவுதான் படம். நீ சிரித்தாய், மூக்கு சுருங்கச் சிரித்தாய். பின்னால் ஒரே குரோட்டன்ஸ் செடிக்கு விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தேவகி மேடம், "அடிச்சிட்டாளா!" என்றார்.

அதற்கப்புறம்தான் நீ எழுந்தாய். மணி அடித்தது. வாசலில் போனை வாங்கிப் பார்த்தால் ஆறாகப் போகிறது. சுற்றிலும் எத்தனை குடும்பம் ஜாஸ்மின்! ஒரு பாட்டி பேத்திக்குத் தலை பின்னி, பிரித்து, திரும்பவும் பின்னி முடித்திருந்தாள். ஒரு சின்னப் பெண் அப்பா தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். எல்லாருக்கும் அன்று ஞாயிறு கொஞ்சம் பெரிது.

வரும்போது பஸ்ஸில் உன் அப்பா, "அது இன்னா படம்? எனக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார்.

சூரியன் இல்லையா என்று கேட்டவளே, அன்று சூரியன் எங்கே போயிருந்தது?

மோகனா


வேலூர்
10 ஆகஸ்ட் 2025

மோ,

நீ கற்பனை செய்கிறாய். நடந்தது இதுதான்: மணி அடிக்கும் கம்பியைக் காணவில்லை. எங்கெல்லாமோ தேடினேன். கடைசியில் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த திட்டிலேயே, எனக்கு அடியில் இருந்தது. இரும்பு எவ்வளவு குத்தும் தெரியுமா? அதன்மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுப் பார்.

அன்று இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். யாருக்கும் பசிக்கவில்லை. நீ சொன்னது சரிதான்.

மறுநாள் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். "இது கொஞ்ச நாளா வேகமா ஓடுது ஜாஸ்மின். ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றார். முள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று அப்பா அந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது இரண்டு காலுக்கும் இருக்கிறது.

செப்டம்பர் முதல் ஞாயிறு மறக்காதே. அப்பாவைப் பிரியாணிக்கு நிற்க விடாதே. சீக்கிரம் வந்து கேட் வாசலில் உட்கார். அன்றைக்கு நான் மணியைச் சரியாக அடிக்க வேண்டும்.

ஜாஸ்